ரெண்டுல எது?

"உங்க வைஃப் பிசியோதெரபிஸ்ட்தானே?" என்று ஜெயகிருஷ்ணன் கேட்டபோது இல்லை என்று சொல்ல பிரசன்னாவுக்கு வாய் வரவில்லை. அன்று மாலை அனகாபுத்தூர் வீட்டுக்கு வந்தவன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று ஷீலாவிடம் அதைச் சொன்னான்.

"அவங்க அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்களாம். இடுப்பு எலும்புல ஆபரேஷன். வீட்டுக்கே வந்து எக்சர்சைஸ் குடுக்க ஆள் வேணுமாம். சிட்லபாக்கம்தான். உன் கிளினிக்ல இருந்து பக்கம்."

"யாரு, உன் மேனேஜர் வீட்டுக்கா?"

"ம்."

ஷீலா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். ஜெயகிருஷ்ணன் என்ற பெயர் அந்த வீட்டுக்குள் நுழைந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இதுவரை அந்த ஆளின் முகத்தை அவள் பார்த்ததில்லை.

"நீ போனா கொஞ்சம் நல்லாருக்கும்" என்றான் பிரசன்னா. யாருக்கு நல்லது என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கப்பலில் போகும் சரக்குகளுக்கு ஆவணம் தயாரித்துத் தரும் நிறுவனம் ஒன்றில் பிரசன்னா வேலை பார்த்தான். அலுவலகம் துரைப்பாக்கம் போகும் ரேடியல் ரோட்டில். சேர்ந்து பத்து வருடம் ஆகியிருந்தது. பழைய மேனேஜர் இருந்த காலத்தில் அவன் ஆபீஸ் கதைகளை வீட்டுக்குக் கொண்டுவருவான். துறைமுகத்தின் பெயரை மாற்றி எழுதிய புதுப்பையன், கேன்டீன் சாம்பாரில் கிடந்த கரண்டி என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஜெயகிருஷ்ணன் வந்த பிறகு முதலில் அவரைப் பற்றி நிறையச் சொன்னான். அப்புறம் கொஞ்சமாகச் சொன்னான். கடைசியில், "ஆபீஸ்ல எப்படி?" என்று ஷீலா கேட்டால், "ஓடுது" என்ற ஒரு சொல்தான் வரும்.

சாப்பிடும்போது போன் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவன் அவன். போன கிறிஸ்துமஸ் ஒத்திகையில் பாட்டின் நடுவே போன் வந்தது. வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பியபோது எல்லோரும் பாடி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு ஒத்திகைக்குப் போவதை நிறுத்திக்கொண்டான். கடைவாய்ப் பல் ஒன்றில் விரிசல் விட்டிருந்தது. பம்மல் பல் டாக்டர் பார்த்துவிட்டு, "என்ன சார், தூக்கத்துல கல்லைக் கடிக்கிறீங்களா?" என்று கேட்டார். பிரசன்னா சிரிக்கவில்லை.

ஷீலா படப்பைக்காரி. சபை வாலிபர் முகாமில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பதால் வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எதையும் மறைத்துப் பழக்கமில்லாத வீடு அது. அவன் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டதுதான் அவளுக்குப் புதிதாக இருந்தது.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பின்தெருவில் இருந்தது ஜெயகிருஷ்ணன் வீடு. அவரே கதவைத் திறந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல்.

"வாங்க ஷீலா. எங்களுக்காக நேரம் ஒதுக்கினதுக்கு ரொம்ப தேங்க்ஸ்."

அம்மா விழுந்ததிலிருந்து பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் கைப்பிடி அடித்திருந்தார். குளியலறைத் தரை முழுக்க ரப்பர் விரிப்பு. அம்மாவைக் கட்டிலிலிருந்து இறக்கும்போது தரையில் மண்டியிட்டு, வீங்கியிருந்த அவர் காலில் செருப்பைத் தானே மாட்டிவிட்டார்.

"கிட்டு, அவங்க பாத்துப்பாங்க. நீ போய் வேலையைப் பாருடா" என்றார் அம்மா.

அவர் பெயர் வேதா. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல வாய். "இத்தனை வருஷம் நடந்தாச்சு. இனிமே நடந்து எங்க போகப்போறேன்?" என்று முனகிக்கொண்டே ஷீலா சொன்ன பயிற்சியை எல்லாம் செய்தார். வலித்தால் முகத்தைச் சுளிப்பார், ஆனால் நிறுத்த மாட்டார். ஷீலாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கிளினிக் முடித்துக் கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் அங்கே போவது அவளுக்குப் பாரமாகத் தெரியவில்லை.

ஜெயகிருஷ்ணனையும் அவள் கவனித்தாள். காபி கலந்துகொண்டு வருவார். சாத்துக்குடியைத் தோலுரித்து, விதை எடுத்து அம்மா கையில் கொடுப்பார். வேலைக்காரம்மாவிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசினார். இவரா அந்த ஆள் என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. பிரசன்னாதான் சின்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறானோ என்றுகூட ஒருநாள் தோன்றியது.

காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தபோது வேதா சொன்னார்: "அவனுக்கு ராத்திரி தூக்கமே இல்ல. ஆபீஸ்ல கீழ இருக்கறவங்க சரியில்லம்மா. அதுலயும் ஒருத்தன் இருக்கானாம். பத்து வருஷம் சர்வீஸ்னு பேரு, ஒரு வேலையும் ஒழுங்கா தெரியாதாம். அந்த ஆளைக் கட்டி மேய்க்கறதுலயே இவனுக்கு பிபி வந்துடுச்சு. சாப்பிடும்போதும் அதே புலம்பல்தான்."

"அப்படியாம்மா" என்றாள் ஷீலா. பாவம் என்றுகூட நினைத்தாள். ஸ்கூட்டரை எடுத்து மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பத்து வருஷம் அவள் மனதில் தைத்தது. அந்த டீமில் பத்து வருஷம் இருப்பவன் பிரசன்னா ஒருவன்தான்.

அன்று வீட்டில் அவள் செய்தது பிழை. வேதா சொன்னதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "அந்த வீட்டுல பாத்தா அவ்வளவு மோசமான ஆளாத் தெரியலையே பிரசன்னா" என்றாள். ஒருவேளை அவன் மனசு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

பிரசன்னா சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"அப்ப நான் பொய் சொல்றேங்கறியா, இல்ல எனக்குத்தான் வேலை தெரியலங்கறியா? ரெண்டுல எது?"

குரலை உயர்த்தவில்லை. பதிலுக்குக் காத்திருந்தான். ஷீலா என்ன சொன்னாலும் அந்த இரண்டில் ஒன்றாகத்தான் ஆகும் என்று அவளுக்குப் புரிந்தது. "நான் அப்படிச் சொல்லல" என்று எழுந்து போய்விட்டாள். பிரசன்னா இப்படிப் பேசுகிறவன் இல்லை. கோபம் வந்தால் கத்துவான், கதவை அடிப்பான், கால்மணி நேரத்தில் வந்து தோளைத் தொடுவான். இந்த மெதுவான கேள்வியை அவன் எங்கே பிடித்தான் என்று யோசித்தாள்.

அந்தக் கேள்வி அதோடு நிற்கவில்லை. மகள் ஏஞ்சல் நாலாம் வகுப்பு. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது எட்டாம் வாய்ப்பாட்டில் தடுக்கினாள்.

"படிக்கவே இல்லையா, இல்ல படிச்சும் மண்டையில ஏறலையா? ரெண்டுல எது?"

குழந்தை கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள். "சாரிப்பா."

"சாரியா கேட்டேன்? கேள்விக்குப் பதில் கேட்டேன்."

"சாரிப்பா."

அந்தக் குரலில் அழுகை இல்லை, கெஞ்சல்கூட இல்லை. சொல்லின் கடைசிப் பகுதியை விழுங்கிவிட்டு, எதிராளிக்கு எது போதுமோ அதை மட்டும் தட்டையாக எடுத்து வைக்கிற குரல். ஷீலா நடுவில் புகுந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போனாள்.

முன்பெல்லாம் அப்பாவின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டாலே ஏஞ்சல் வாசலுக்கு ஓடுவாள். இப்போது ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஒருநாள் ஷீலா அவள் பின்னால் போய் நின்றாள்.

"என்னடி பாக்கற?"

"அப்பா ஸ்டாண்டை மெதுவாப் போட்டாரும்மா. இன்னைக்குப் பேசலாம்."

ஷீலா அவள் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். ஆனால் யாரிடம் எதைப் பேசி இதைச் சரிசெய்வது என்று தெரியவில்லை. பிரசன்னாவிடம் சொன்னால், நான் கெட்ட அப்பாவா என்று அதே போல ஒரு கேள்வி வரும்.

வேதா வாக்கரைப் பிடித்து நிற்க ஆரம்பித்திருந்த சமயம் அது. அன்று ஷீலா அவர் இடுப்பில் கை கொடுத்துக் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஜெயகிருஷ்ணன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார்.

"பிரசன்னா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

ஷீலாவின் கை வேதாவின் இடுப்பில் அப்படியே நின்றது.

"கொழும்புக்குப் போற சரக்குல வாங்கறவங்க பேர் தப்பாப் போயிருக்கு. பாத்தீங்களா?"

"சார், கிளையன்ட் அனுப்பின மெயில்லயே அப்படித்தான் இருந்திச்சு. நான் திரும்பக் கேட்டு..."

"நான் கிளையன்டைப் பத்திக் கேக்கல. அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க பாக்கலையா, இல்ல பாத்தும் உங்களுக்குத் தெரியலையா? ரெண்டுல எது?"

வேதாவுக்குச் செருப்பு மாட்டிவிடும்போது இருந்த அதே தாழ்ந்த, பதறாத குரல். ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள். வேறு யாரோ சட்டென்று மைக்கை அணைத்த சத்தம் கேட்டது.

"எல்லாரும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க பிரசன்னா. சொல்லுங்க."

"பாக்கல சார். சாரி சார்."

"காதுல விழல."

"பாக்கல சார். சாரி சார்."

ஒரு காகிதத்தை மூன்று தடவை பார்க்காமல் கையை விட்டு அனுப்பாதவன் பிரசன்னா. கல்யாணப் பத்திரிகை அச்சடித்தபோது அச்சகக்காரரையே அழவைத்தவன். அவன் பார்க்கவில்லை என்பது பொய் என்று ஷீலாவுக்குத் தெரியும். ஆனால் அவளை உலுக்கியது அந்தப் பொய் இல்லை, அந்தக் குரல். கணவனிடமிருந்து அப்படி ஒரு குரலை அவள் கேட்டதே இல்லை. இருந்தும் அது அவளுக்குத் தெரிந்த குரலாக இருந்தது. எங்கே கேட்டோம் என்று தேடியபோது, தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னக் கட்டைவிரல் கண்முன் வந்தது. ஏஞ்சலின் குரல் அது.

வேதா அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "கேட்டியா? நான் சொன்னேனே, அந்த ஆள்தான். தினம் இதே கூத்து."

"அம்மா, அது என் வீட்டுக்காரர்."

சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. வேதாவின் கைகள் வாக்கரில் இறுகின. அவர் நிற்க முடியாமல் தடுமாறியதும் ஷீலா தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

வேதா பாதி திறந்திருந்த கதவைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கிட்டுவுக்குத் தெரியுமா, நீ யாருன்னு?"

"அவர் சொல்லித்தாம்மா வந்தேன்."

ஜெயகிருஷ்ணன் காபி டம்ளரோடு வந்தார். "என்னம்மா, இன்னிக்கு அதுக்குள்ள உக்காந்துட்ட? ஷீலா, எடுத்துக்கங்க. சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்." அவர் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஷீலா கிளம்பிவிட்டாள். காபியைத் தொடவில்லை.

அன்று பிரசன்னா வந்தான், குளித்தான், சாப்பிட்டான். "ஆபீஸ்ல எப்படி?" என்று கேட்டாள். "ஓடுது" என்றான். உன் குரலைக் கேட்டேன் என்று எப்படித் தொடங்குவது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். மறுநாளும் சொல்லவில்லை.

அதற்குள் விஷயம் வேறு வழியாக வந்து சேர்ந்தது. வேதா மகனிடம் கேட்டிருக்கிறார். என்ன கேட்டாரோ தெரியாது. ஜெயகிருஷ்ணன் ஆபீஸுக்கு நேரில் வந்து, எல்லோரும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பிரசன்னாவின் மேஜை அருகில் நின்றாராம். "வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி அழறீங்களாமே பிரசன்னா? எங்கம்மாவுக்கு பிபி ஏறிடுச்சு. ஆபீஸ் விஷயத்தை வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க, ப்ளீஸ்" என்றாராம். இரண்டு பேர் சிரித்தார்களாம்.

வெயில் இறங்குவதற்கு முன்பே பிரசன்னா வீட்டுக்கு வந்துவிட்டான். ஏஞ்சல் எதிர்வீட்டுக் கங்கையம்மாள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க அம்மாகிட்ட என்ன சொன்ன?" என்றான். "என்னைப் பத்தி என்ன சொல்லி அழுத?"

"நான் அழல. நீ என் வீட்டுக்காரர்னு மட்டும்தான் சொன்னேன்."

"எதுக்குச் சொல்லணும்? உன்னை யாரு சொல்லச் சொன்னது? நீ அங்க போனா என்னைக் கொஞ்சமாவது விடுவான்னு நினைச்சேன். உனக்கு அறிவு இல்லையா, இல்ல..."

அவனே நிறுத்திக்கொண்டான்.

"அவர் உன்கிட்ட பேசினதைக் கேட்டேன் பிரசன்னா" என்றாள் ஷீலா. "ஸ்பீக்கர்ல போட்டிருந்தார். அந்தக் கொழும்பு சரக்கு விஷயம். நீ பேசினதையும் கேட்டேன்."

அவன் முகத்திலிருந்த கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வந்தது கோபத்தைவிடப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் துணி உருவப்பட்டவன் போல அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"நீ கேட்டியா?"

"ம்."

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நான் பாத்தேன் ஷீலா. கிளையன்ட்தான் தப்பாக் குடுத்தான். சரியான்னு கேட்டு மெயில் கூடப் போட்டேன்."

"தெரியும்."

"பின்ன ஏன் பாக்கலன்னு சொன்னேன்? பாத்தும் தெரியலன்னா முட்டாள். பாக்கலன்னா சோம்பேறி. சோம்பேறியே பரவால்லன்னு தோணிச்சு." அவன் சிரிக்க முயன்றான். "தினம் காலையில வண்டி ஓட்டிக்கினே யோசிச்சுக்கினு போவேன், இன்னைக்கு எதை ஒத்துக்கறதுன்னு."

ஷீலா அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்லமாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்தக் குரலை நான் முன்னாடியே கேட்டிருக்கேன். ஏஞ்சல் உன்கிட்ட சாரி சொல்றப்போ அப்படித்தான் சொல்றா."

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்து குளியலறைக்குப் போனான். குழாய் நெடுநேரம் ஓடியது. வெளியே வந்தபோது முகம் துடைத்திருந்தான். ஏஞ்சல் திரும்பி வந்ததும் அவள் தலையைத் தொடக் கையை நீட்டினான். அவள் ஒருகணம் அசையாமல் நின்றாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் கிளம்பிப் போனான். ஷீலா ஏஞ்சலுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தபோது கங்கையம்மாள் கையில் பால் பாக்கெட்டோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஷீலா, இன்னா உன் வூட்டுக்காரரு முனையாண்ட வண்டிய ஸ்டார்ட் பண்ணிக்கினு அப்படியே நின்னுகினு கீறாரு? ரெண்டு தபா கூப்ட்டேன், திரும்பவே மாட்டேன்றாரு. உடம்பு கிடம்பு சரியில்லியா?"

ஷீலா நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள். சந்து ரோட்டைத் தொடும் இடத்தில் பிரசன்னா பைக்கில் உட்கார்ந்திருந்தான். இரண்டு காலும் தரையில். தலையில் ஹெல்மெட். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்து நின்று மறுபடி அதிர்ந்தது.

"பிரசன்னா."

அவன் முன்னால்தான் பார்த்தான். "கை வரமாட்டேங்குது ஷீலா. திருப்பணும்னு நினைக்கறேன், வரமாட்டேங்குது."

அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். கைப்பிடியில் இறுகியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன. கங்கையம்மாள் ஆட்டோக்காரனைப் பார்த்து, "சைடுல எடம் கீதுல்ல, போயேன்யா" என்றாள். அப்புறம் அவளே வண்டியின் பின்பக்கம் கைகொடுத்தாள். மூன்று பேருமாகச் சந்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் ஜடை பின்னியும் ஒரு பக்கம் விரிந்தும் ஏஞ்சல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவன் ஆபீஸ் போகவில்லை. குரோம்பேட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் ஷீலா அழைத்துப்போனாள். அவர் அதிகம் பேசவில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "வேலையை விடறதைப் பத்தி வீட்டுல பேசியிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர்கள் அதுவரை பேசியதே இல்லை. வேறு வேலை கையில் இல்லாமல் விடுவது எப்படி என்ற பயத்திலேயே அந்தப் பேச்சை இருவரும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அன்று பேசினார்கள். அந்த வாரமே பிரசன்னா ராஜினாமாவை அனுப்பினான்.

"இவ்வளவு சென்சிடிவ்வா இருந்தா எங்க போனாலும் கஷ்டம்தான்" என்று ஜெயகிருஷ்ணன் அக்கறையாகச் சொன்னாராம். கடைசி நாளன்று கேக் வெட்டினார்கள். பத்து வருட உழைப்பைப் பாராட்டி ஜெயகிருஷ்ணன்தான் பேசினார். நன்றாகப் பேசினார் என்று பிரசன்னாவே சொன்னான்.

சிட்லபாக்கத்துக்குத் தனக்குப் பதிலாகப் போகும்படி கிளினிக்கில் கூட வேலை பார்க்கும் தபீதாளை ஷீலா கேட்டுக்கொண்டாள். ஜெயகிருஷ்ணன் போன் செய்தார்.

"நீங்க வந்தாத்தான் அம்மா ஒழுங்கா நடக்கறாங்க. ஆபீஸ் விஷயத்தை பர்சனலா எடுத்துக்காதீங்க ஷீலா."

"பர்சனலாத்தான் சார் எடுத்துக்கிட்டேன்" என்றாள் அவள். போனை வைத்தாள். சொன்னதற்காக வருத்தப்படவில்லை. வேதாவை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது.

சில வாரம் கழித்து வேதாவே கூப்பிட்டார். தபீதாளிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். கேட் வரைக்கும் நடக்கிறேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவன்கிட்ட கேட்டேம்மா, ஏன்டா அப்படிப் பேசறேன்னு. 'எனக்கு மேல இருக்கறவன் என்கிட்ட எப்படிப் பேசறான்னு உனக்குத் தெரியுமா'ன்னு கேட்டான். எனக்கு அதுக்கு மேல கேக்கத் தெரியல. அவன் கெட்டவன் இல்லம்மா."

"நான் அப்படிச் சொல்லலம்மா. கால் எக்சர்சைஸை மட்டும் நிறுத்தாம செய்யுங்க" என்றாள் ஷீலா.

பிரசன்னாவுக்கு வேலை கிடைப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. படப்பையைத் தாண்டி ஒரு சரக்குக் கிடங்கில். பழைய பதவிக்குக் கீழேதான். அங்கே மேலாளர் கதிரேசன் என்பவர். லாரி தாமதமானால் கிடங்கே அதிரும்படி கத்துவார், டீ வரும் நேரத்துக்குள் மறந்துவிடுவார். முதல் மாதத்தில் அவர் கத்தும்போதெல்லாம் பிரசன்னாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "சத்தம் போடுவாரு, ஆனா பதில் கேட்டு நிக்கமாட்டாரு" என்று பிறகு ஒருநாள் ஷீலாவிடம் சொன்னான். அதை அவன் பெரிய சலுகையைப் போலச் சொன்னது அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. பாடகர் குழுவுக்கு இன்னும் போகவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். போன் அடித்தால் இன்னும் தோள் ஒருமுறை குலுங்கத்தான் செய்கிறது. ஏஞ்சலிடம் வாய்ப்பாடு கேட்பதை நிறுத்திவிட்டான். அவளும் அவனிடம் எதையும் கேட்பதில்லை. ஒருநாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அப்பா உன்கிட்ட தப்பாப் பேசிட்டேன்" என்றான். "பரவால்லப்பா" என்று உடனே சொன்னாள் அவள். அவ்வளவு சீக்கிரம் அவள் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவளுக்கு சைக்கிள் கற்றுத்தர ஆற்றோரச் சாலைக்கு அழைத்துப்போனான். ஷீலாவும் கூடப் போனாள். அடையாறு ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. பிரசன்னா சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடினான், மூச்சு வாங்கியது, விட்டான். ஏஞ்சல் கொஞ்ச தூரம் தனியாகவே போனாள். பிறகு முன்சக்கரம் கல்லில் ஏறிச் சாய்ந்தது.

முழங்கால் நன்றாகவே சிராய்த்திருந்தது. அவள் காலைப் பார்க்கவில்லை. ஓடிவரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவன் அருகில் வந்து நின்றான். ஷீலா தூரத்திலிருந்தே அதைப் பார்த்தாள். அவன் வாய் திறந்து மூடியது. பிறகு ரோட்டிலேயே, புழுதியில், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு மகள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

"ரத்தம் வருதே."

அவள் முழங்காலைக் கையால் மறைத்தாள். எது சரியான பதில் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு கண்ணு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

ஒரு மாடு அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்து போனது. அது தாண்டிப் போகும்வரை ஏஞ்சல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம்" என்றாள்.

பிரசன்னா தலையாட்டினான். கைக்குட்டையை எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து அவளிடமே கொடுத்தான். அவள் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் சைக்கிளை நிமிர்த்தி ஹேண்டிலை நேராக்கிவிட்டு, இன்னும் ஓட்டுகிறாயா, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டான். கேட்ட உடனே அவன் முகம் மாறியது. "ரெண்டும் வேணாம்னாலும் சரி, இப்படியே உக்காந்திருக்கலாம்" என்று அவசரமாகச் சேர்த்துச் சொன்னான்.

ஏஞ்சல் யோசித்தாள். ஷீலா அவர்கள் அருகில் போகாமல் அங்கேயே நின்றாள்.